அரக்கு முத்திரை வைத்த ரத்தம்

"அவசரம் என்று மருத்துவர் கருதும் மாதிரிகளை, அலுவலகத்தின் முன்பதிவு இன்றி, மருத்துவரே நேராக அனுப்பிவைக்கலாம். பதிவேட்டில் மறுநாள் குறித்துக்கொண்டால் போதுமானது."

எங்கள் ஆஸ்பத்திரியின் அலுவலக விதிப் புத்தகத்தில் நாற்பத்தோராம் விதியின் இரண்டாம் பத்தி இது. எனக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் இருந்த புத்தகத்தைத் தமிழாக்கி, தட்டச்சுக்குக் கொடுத்து, பிழை திருத்தியவன் நான். 'போதும்' என்று இருந்ததைப் 'போதுமானது' என்று மாற்றியதும் நான்தான். அதில் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த விதியைக் கையாள வேண்டிய நாள் என் முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு முறைதான் வந்தது. அன்று நான் வேறொரு விதியைக் கையாண்டேன்.

மேசை மேல் ஓர் ஊசி

ஐப்பசி மாதக் கடைசி. சிறுமலைப் பக்கம் மூட்டமாக இருந்த ஒரு புதன்கிழமைக் காலை, ஒன்பதரை மணிக்கு மேல் இருக்கும். என் மேசையில் மைக்கூட்டுக்கும் காகித எடைக்கல்லுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஊசி கிடந்தது. அதன் முனையில் சின்ன ரப்பர் அடைப்பான். உள்ளே விரற்கடை அளவு ரத்தம், நாவற்பழத்தைப் பிழிந்த நிறத்தில்.

அது வீராயியின் ரத்தம். நான் அரக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம், ஒரு நிர்வாகக் குழு நடத்திய தர்ம ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்தக் கட்டடமும் இல்லை, குழுவும் இல்லை. நான்தான் மிச்சம். தலைமை எழுத்தராக இருந்தேன். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நோயாளிகள் வருவார்கள், பல விதமாகப் போவார்கள். பதிவேடுகளும் நானும் அப்படியே இருந்தோம்.

அடுப்படிச் சுருட்டு

வீராயி எங்கள் ஆஸ்பத்திரிச் சமையற்காரி. நான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே அவள் அங்கே பழைய ஆள். வார்டுகளுக்குக் கஞ்சி, எங்களுக்குச் சோறு, டாக்டர்களுக்குத் தனியாக ஒரு ரசம். அடுப்படி என்பது ஜன்னல் ஒன்று, வாசல் ஒன்று உள்ள ஓர் அறை. ஈர விறகு வந்துவிட்டால் உள்ளே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. புகையிலிருந்து முதலில் ஒரு இருமல் வரும், பிறகு கரண்டி வரும், அதற்குப் பிறகுதான் வீராயி வருவாள்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஊரே என்னை 'ஐயா' என்றபோது அவள் மட்டும் 'அப்பு' என்றாள்.

"ஏ அப்பு, இம்புட்டு எழுதுறியே, யாருக்கு எழுதுறே? ஒரு வா சாப்டுட்டு எழுது. இன்னைக்கு வெஞ்சனம் பூசணிக்கா. மூஞ்சியச் சுளிக்காத."

எங்கள் கடைநிலை ஊழியர் கருப்பையா அவளை வம்புக்கு இழுப்பான். "என்ன வீராயிக்கா, இருமல் சத்தம் கேட்டு சுருட்டுக் குடிக்கிற கெழவன்னுல நெனச்சேன். ஒளிச்சு வச்சு இழுக்குறியா?"

"ஆமாலே. ஒங்க எல்லாருக்கும் சோறு ஆக்குற சுருட்டு. அந்தா அடுப்புல எரியுது பாரு, ஒரு இழுப்பு நீயும் இழுத்துட்டுப் போ."

இந்த ஊரில் புகையிலைக் கிட்டங்கிகளுக்குக் குறைவில்லை. அங்கே வேலை செய்து நெஞ்சு அடைத்து வருகிறவர்களை வாரம் நாலு பேராவது பார்ப்போம். புகையிலையைத் தொடாத ஒருத்திக்கு அதே நெஞ்சு வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. 'இளைப்பு' என்றோம். கஷாயம் குடி என்றோம். குடித்துவிட்டுத் திரும்ப அடுப்படிக்குத்தான் போவாள்.

அந்த ஐப்பசியில் மழையும் குளிரும் சேர்ந்து அவளை வார்டில் படுக்க வைத்தன. படுக்க என்று சொல்வது தவறு. மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். நகம் நீலம். பக்கத்தில் மகள் செல்லம்மா.

டாக்டர் மனோன்மணி சொன்னது

டாக்டர் மனோன்மணி மேல்படிப்பு முடித்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன உருவம், வேகமான நடை. என் அலுவலகத்துக்குள் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். செவ்வாய்க்கிழமை வந்தார்.

"சார், மதுரையில நாடி ரத்தத்துல எவ்வளவு காத்து இருக்குன்னு பார்க்கிற கருவி இருக்கு. வீராயிக்குப் பார்த்தாகணும். யாருக்கு எழுதணும்?"

நான் ரத்தத்தில் காற்றா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியைக் கவனிக்காமல் விளக்கினார்.

"மூச்சுக்குழல் சுருங்கிப்போனவங்களுக்குக் காத்தை உள்ளே இழுக்கிறதைவிட வெளியே விடுறதுதான் சார் கஷ்டம். கரியமில வாயு உள்ளேயே தேங்கிடும். வருஷக்கணக்கா தேங்கினா, மூளை அதைக் கண்டுக்காம விட்டுடும். அப்புறம் ஆக்ஸிஜன் குறையுதுங்கிற ஒண்ணுதான் 'மூச்சு விடு, மூச்சு விடு'ன்னு அவங்களை விரட்டிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல நாம சிலிண்டரை முழுசாத் திறந்துவிட்டா..."

"நல்லதுதானே?"

"விரட்டுறது நின்னுடும் சார். சுகமாத் தூங்குற மாதிரி இருக்கும். உதடெல்லாம் சிவக்கும். அப்படியே போயிடுவாங்க."

"அப்ப ஆக்ஸிஜனே வேண்டாமா?"

"கொடுக்காமலும் முடியாது. எவ்வளவு கொடுக்கலாம்னு தெரியணும். அதுக்குத்தான் அந்த நம்பர். பெரிய டாக்டர் திறந்துவிடுன்னு சொல்றார். நம்பர் கையில இருந்தா நான் அவர்கிட்ட வாதாடுவேன். இல்லேன்னா நான் ஆறு மாசப் பொண்ணு, அவர் இருபது வருஷ டாக்டர்."

எனக்குப் புரிந்தது. எழுத வேண்டிய முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்ன குறிப்புகளையும், ஐஸில் வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும் என்பது உட்பட, ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். கோப்பில் மட்டும்தான் சேர்த்தேன் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை அவர் வீராயியின் மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார். நானும் வார்டில் நின்றேன். பிஸ்டனை அவர் இழுக்கவில்லை. நாடியின் துடிப்பே அதைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றியது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எம்மா, நாடி பாப்பேன்னுல கையக் குடுத்தேன்..." இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். "அதுலயே... குத்திப்புட்டியே!"

செல்லம்மாகூடச் சிரித்தாள்.

ஊசி ஐஸ் நிரப்பிய பிளாஸ்குக்குள் போனது. "நேரா பஸ் ஸ்டாண்டு. ஒன்பதரை மதுரை பஸ். அவங்க சொல்ற வரைக்கும் அங்கேயே இருந்து நம்பரை வாங்கிட்டு வா" என்று கருப்பையாவிடம் கொடுத்துவிட்டு, டாக்டர் பிரசவ வார்டுக்கு ஓடினார். அங்கே ஒருத்திக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது.

ஒரு பழைய மெமோ

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது வெறும் முட்டாள்தனம் என்று நினைப்பீர்கள். அது பயிற்சி பெற்ற முட்டாள்தனம்.

அதற்குப் பல வருஷம் முன்னால், வேடசந்தூர்ப் பக்கத்து விஷச் சாவு ஒன்றில், இறந்தவரின் குடலைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஜாடியின் வெளிக்கட்டில் அரக்கு முத்திரை இருந்தது, உள்மூடியில் இல்லை. ஜாடி திரும்பி வந்தது. வழக்கு நாறியது. நிர்வாகக் குழு எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. "தலைமை எழுத்தரின் அலட்சியம்" என்று அதில் ஒரு தொடர். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே மெமோ. மடித்துச் சட்டைப் பையில் வைத்து ஒரு மாதம் சுமந்தேன்.

அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியூர் போன எதுவும் உள்மூடி, வெளிக்கட்டு இரண்டிலும் முத்திரை இல்லாமல் போனதில்லை. கண்ணாடிக் கடைக்கு மாற்றக் கொடுத்த வெப்பமானிகூட முத்திரையோடுதான் போனது. கடைக்காரர் அதை நெடுநாள் சொல்லிச் சிரித்தார்.

செத்தவர்களுக்கான விதி அது. உயிரோடு இருப்பவளின் ரத்தத்துக்கு அதை எடுத்து மாட்டினேன்.

ஈரத்தில் அரக்கு ஒட்டாது

கருப்பையா நேராக பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவனையும் பழக்கியவன் நான்தானே.

"ஐயா, டாக்டரம்மா நேரா பஸ்ஸுக்குப் போகச் சொன்னாக. தபால் புக்குல ஒரு எழுத்துப் போட்டுட்டுப் போயிருவோமேன்னு வந்தேன்."

"சீல் எங்கே?"

"எதுக்குய்யா சீலு? ஊசிதானே."

"ரத்தம் வெளியூர் போகுதுய்யா. நாளைக்கு இது வீராயி ரத்தமே இல்லேன்னு யாராவது சொன்னா?"

"யாருய்யா சொல்லப்போறா?"

நான் முத்திரைப் பெட்டியின் சாவியைத் தேடினேன்.

பித்தளை முத்திரை இருந்த பெட்டிக்கு ஊர்ப் பூட்டு. சாவி இல்லாமல் திறக்காது என்பதில் எங்கள் ஊருக்குப் பெருமை. சாவி என் இன்னொரு சட்டையில், வீட்டில் இருந்தது. வீடு பக்கம்தான், சைக்கிளில் போய் வந்தேன். அதற்குள் ஒன்பதரை பஸ் ஆஸ்பத்திரி வாசலில் கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. கருப்பையா என்னைப் பார்த்தான். நான் அடுத்த பஸ் பத்தே முக்காலுக்கு என்றேன்.

பிளாஸ்கிலிருந்து ஊசியை எடுத்தேன். ஈரத்தில் அரக்கு ஒட்டாது. ஆகவே துவாலையால் நன்றாகத் துடைத்தேன். துடைத்தும் கண்ணாடி வியர்த்தது. வியர்வை நிற்கும் வரை, அதாவது ஊசியின் குளிர் போகும் வரை, மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில், கூட அனுப்ப ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். 'கொண்டு வருபவரிடம் ஒப்புகை அளித்து உடன் திருப்பி அனுப்பவும். முடிவினை முறையான வழியில், நிர்வாகக் குழுச் செயலாளர் மூலமாகத் தெரிவிக்கவும்.'

பிறகு மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி, ரப்பர் அடைப்பானின் மேல் நாலு சொட்டு விட்டு முத்திரையை அழுத்தினேன். சிவப்பு அரக்கு கண்ணாடிமேல் வழிந்தது. உருகிய அரக்கின் வாடை எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் தபால் ஆபீஸில் அந்த வாடை வந்தால் வெளியே வந்துவிடுகிறேன்.

ஊசி மறுபடி பிளாஸ்குக்குள் போனது. அங்கே ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. பிளாஸ்கைக் காடாத் துணியில் வைத்துக் கருப்பையா கோணி ஊசியால் தைத்தான். தையல்மேல் இன்னும் மூன்று முத்திரை. பத்தே முக்கால் பஸ்ஸுக்கு அவன் ஓடினான். பதிவேட்டில் எண் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

எழுப்பாதே

மதியம் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வீராயியின் ரசம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவளுடைய உதட்டைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா மனோன்மணி, உங்க மதுரை நம்பர் எங்கே?"

"வந்துடும் சார். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"அதுவரைக்கும் இவ இப்படி நீலமாவே கிடக்கணுமா? கண்ணு முன்னால ஆக்ஸிஜன் இருக்கு, எதிர்ல மூச்சுக்குத் தவிக்கிறா. இதுக்கு நம்பர் எதுக்கு?"

அவரே சிலிண்டரைத் திறந்தார். டாக்டர் மனோன்மணி கொஞ்சம் குறைக்கலாம் சார் என்று இரண்டு தடவை சொன்னதாக நர்ஸ் பிறகு சொன்னாள். சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் புதன்கிழமை. புதன்கிழமை மதியம் ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் கிளை மருந்தகம். முறைப் பட்டியலில் அவர் பெயர். பட்டியல் போட்டது யார் என்று சொல்லவும் வேண்டுமா? மாற்றிக் கேட்க வந்தாராம். நான் சாப்பிடப் போயிருந்தேன்.

ஐந்து மணிக்குக் கருப்பையா திரும்பி வந்தான். ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தான்.

"இருந்து வாங்கியாரச் சொன்னாக டாக்டரம்மா. நான் இருக்கேன்னுதான் சொன்னேன். ஒங்க கடுதாசியப் படிச்சுப்புட்டு, 'ஒன்ன உடனே திருப்பி அனுப்பணுமாம்ல, கெளம்பு'ன்னுட்டாக."

சீட்டைப் பதிவேட்டில் ஒட்டினேன். வார்டுக்குப் போனேன்.

வீராயி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரே தலையணையில், மல்லாந்து. பல வருஷமாக அவள் அப்படிப் படுத்து யாரும் பார்த்ததில்லை. உதடு செக்கச்செவேல் என்று இருந்தது. கன்னத்தில்கூட நிறம். நெற்றியில் பொடி வியர்வை. கட்டிலைப் பிடித்திருந்த கை மெத்தைமேல் விரிந்து கிடந்தது, உள்ளங்கையில் அடுப்புத் தழும்புகள் தெரிய.

செல்லம்மா மெதுவாகக் கேட்டாள். "நாலு மணிலருந்து தூங்குதுங்கய்யா. காப்பித் தண்ணி குடுக்கணும். எழுப்பவா?"

"எழுப்பாதே தாயி. எம்புட்டு நாளாச்சு அவ தூங்கி. செத்த நேரம் தூங்கட்டும்."

முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார்: சுகமாகத் தூங்குகிற மாதிரி இருக்கும், உதடு சிவக்கும். அதை என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்தத் தாள் கோப்பில் இருந்தது. நான் அந்தக் கட்டிலருகே நின்று, நிம்மதியாக, சந்தோஷமாக, எழுப்பாதே என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டர் மனோன்மணி ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்தார். வராந்தாவில் வரும்போதே நான், "வீராயி நல்லாத் தூங்குறா டாக்டர்" என்றேன். அவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சிலிண்டரைக் குறைத்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். "வீராயி! வீராயிம்மா!" கன்னத்தில் தட்டினார். நெஞ்செலும்பை முட்டியால் அழுத்தினார். ஒரு முனகல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மறுநாள் காலை, கஞ்சி மணி அடிக்கிற நேரத்தில், அவள் போய்விட்டாள். மணியை வழக்கமாக அடிப்பவள் அவள். அன்று வேறு யாரோ அடித்தார்கள்.

நாற்பத்தொன்று

மூன்றாம் நாள் டாக்டர் மனோன்மணி அலுவலகத்துக்கு வந்தார். கருப்பையாவிடம் எல்லாம் கேட்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதில்கள் வைத்திருந்தேன்.

"அந்த விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் தர்றீங்களா சார்?"

கொடுத்தேன். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாற்பத்தோராம் விதியில் நின்றார். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார், உதடு அசைந்தது. புத்தகத்தை மூடி, மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.

"நன்றி சார்."

அடுத்த தை மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய ராஜினாமாவையும் நான்தான் பதிவு செய்தேன். அதுவும் முறையாகத்தான் இருந்தது.

பெரிய டாக்டர் மீது பழியைப் போடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவர் அவசரப்பட்டார், உண்மை. ஆனால் அவர் கேட்டது ஒரு எண். அது மத்தியானமே மதுரையில் கிடைத்திருக்கும். அங்கிருந்து ஒரு டிரங்க் கால் போதும். அது வராமல் போனதற்கு அவர் காரணமில்லை.

செல்லம்மாவிடம் இதை நான் சொன்னதில்லை. அம்மா வேலையை அவளுக்கே போட்டுக் கொடுத்தோம். அதே அடுப்படி, அதே ஜன்னல். புகைபோக்கி வைக்க மூன்று தடவை குறிப்பு எழுதினேன். மூன்றாவதற்குக் கட்டினார்கள். இப்போது சின்னாளப்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இந்தப் பத்திரிகை அந்தத் தெருவுக்குப் போகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வரவு முத்திரை

அந்த ஐப்பசி கழிந்து ஒரு நாள் காலை செல்லம்மா அலுவலக வாசலில் வந்து நின்றாள். தலை குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட.

"ஐயா, மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு வா சாப்புட்டுப் போகணும். அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் ஆக்கியிருக்கு."

வருகிறேன் என்றேன். அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க அம்மா மூச்சுக்குத் தவிச்சுச் சாகும்னுதான் பயந்து கெடந்தேன். நீங்கதான் எழுப்பாதன்னு சொன்னீக. நான் எழுப்பித் தொந்தரவு பண்ணியிருப்பேன். நிம்மதியாத் தூங்கிக்கிட்டே போச்சு. அந்தப் புண்ணியம் ஒங்களுக்குத்தான்யா."

அவள் படியிறங்கிப் போன பிறகு தபால் வந்தது. குழுச் செயலாளர் பழனிப் பக்கம் தோட்டத்தில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். அவர் மேசையில் சேர்ந்திருந்த உறைகளோடு மதுரைக் கடிதமும் இருந்தது. பிரித்தேன். நாலு வரி.

'மாதிரி வெதுவெதுப்பாக வந்தது. முனையில் சூடான அரக்கு இடப்பட்டிருந்ததால் எண்ணை முழுதும் நம்ப இயலாது. ஆயினும் கரியமில வாயு மிக மிக அதிகம். ஆக்ஸிஜனைச் சிறிது சிறிதாகவே கொடுக்கவும், நோயாளியைத் தூங்க விட வேண்டாம். புதிய மாதிரியை முத்திரை ஏதுமின்றி அனுப்பினால், ஆள் காத்திருக்க, உடனே பார்த்துச் சொல்கிறோம்.'

கடிதத்தில் அவர்கள் போட்டிருந்த தேதி, கருப்பையா பிளாஸ்கைக் கொண்டுபோன அதே புதன்கிழமை.

வந்த கடிதத்துக்கு வரவு முத்திரை குத்த வேண்டும். ரப்பர் முத்திரையின் தேதிச் சக்கரத்தைத் திருப்பி, மையில் ஒற்றி, நாலாவது வரிக்குக் கீழே குத்தினேன். கார்த்திகை மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. வீராயிக்குப் பதினாறாம் நாள்.